கண் பார்க்காத பந்தைக் கை எப்படிப் பார்க்கிறது?



கூடைப்பந்து ஆடத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துச் சொல்ல முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். புதிதாக ஆட வந்தவர் பந்தையே பார்த்துக்கொண்டு வருவார். ஆடிப் பழகியவர் எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பார், தன் கூட்டாளியைப் பார்ப்பார், கூடையைப் பார்ப்பார். பந்தை மட்டும் பார்க்க மாட்டார். ஆனாலும் பந்து அவர் கைக்கே திரும்பி வந்துகொண்டிருக்கும்!

இது எப்படி? "பழக்கம்தாங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஒரு மெஷின் ஒழுங்காக வேலை செய்தால் அதற்குள் என்ன சென்சார் இருக்கிறது, சிக்னல் எங்கே போகிறது என்று கேட்பதுதான் நம் படிப்பு. அதே கேள்வியை ஒரு ஆட்டக்காரரின் உடம்பைப் பார்த்துக் கேட்டால் என்ன? அதுதான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் வரலாறு

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் குளிர்காலத்தில் அறைக்குள் ஆடுவதற்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அவர் எழுதிய முதல் 13 விதிகளில் டிரிபிளிங்கே கிடையாது. பந்தைப் பிடித்தவர் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், ஓடக்கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டே நகர்வது பிறகு ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி. நாம் இன்று 'பால் ஹேண்ட்லிங்' என்று பெருமையாகச் சொல்லும் திறமை, விதிக்குள் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

நம் மாநிலத்திற்கும் இந்த ஆட்டத்திற்கும் பழைய உறவு உண்டு. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களை ஊர் ஊராகக் கொண்டு போகும் ஆசிரியர்களை உருவாக்கியது. இந்திய மகளிர் அணியின் தலைவியாக இருந்த சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2017 ஜூலையில், நம் ஓசூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயண தூரத்தில் இருக்கும் பெங்களூரில், மகளிர் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்றது. வித்தியாசம் இரண்டே புள்ளி. அதாவது ஒரே ஒரு கூடை! அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு தடவை பந்து கை நழுவினாலும் கதை மாறிவிடும் இல்லையா?

ஒரு துள்ளலில் என்ன நடக்கிறது?

முதலில் பந்தைப் பார்ப்போம். ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தின் சுற்றளவு 75 முதல் 77 சென்டிமீட்டர், எடை 580 முதல் 620 கிராம். அதில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க விதிப்புத்தகத்தில் நெடுநாளாக ஒரு எளிய சோதனை இருந்துவந்தது. பந்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட்டால், துள்ளி எழும் பந்தின் மேல்பாகம் 1.2 மீட்டருக்கும் 1.4 மீட்டருக்கும் இடையில் வர வேண்டும்.

இதைக் கணக்காகப் போடுவோம். பந்தின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். அதைக் கழித்தால் பந்தின் அடிப்பாகம் ஏறுவது சராசரியாக 1.06 மீட்டர். 1.8-க்கு 1.06 என்றால் சுமார் 59 சதவீதம். ஆக, ஒவ்வொரு துள்ளலிலும் கிட்டத்தட்ட 40 சதவீத சக்தி வீணாகிறது. அந்த 40 சதவீதத்தை யார் கொடுப்பது? கைதான். எவ்வளவு குறைந்தது என்று கைக்குத் தெரிந்தால்தான் அதே அளவைத் திருப்பிக் கொடுக்க முடியும். காற்று குறைந்த பந்து, மண் படிந்த தரை, சிமெண்டு தரையில் விழுந்த விரிசல் என்று எது வந்தாலும் அந்தக் கணக்கு மாறும். ஆட்டக்காரர் பேப்பரும் பேனாவும் இல்லாமல் ஒவ்வொரு துள்ளலுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நேரத்தையும் பாருங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விழும் பொருள் தரையைத் தொட சுமார் 0.45 செகண்ட் ஆகும். கையால் தள்ளினால் அதைவிடக் குறைவு. கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய ஏறத்தாழ 0.2 செகண்ட் வேண்டும். தொட்டு உணர்ந்தோ சத்தம் கேட்டோ அசைய அதைவிடக் கொஞ்சம் குறைவு, சுமார் 0.15 செகண்ட். பந்தையே பார்த்துக்கொண்டு கண்ணை நம்பி ஆடுபவருக்குக் கையிருப்பு நேரம் எவ்வளவு கொஞ்சம் என்று இப்போது புரியும்.

விரல் நுனியில் சென்சார்கள்

1979-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் யோஹான்சனும் வால்போவும் ஒரு கையின் உட்புறத் தோலில் சுமார் 17,000 தொடு உணர்வு நரம்பிழைகள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஒரு கைக்கு 17,000 சென்சார்! எந்த மெஷினில் இருக்கிறது இது?

அவையெல்லாம் ஒரே ரகம் அல்ல, நான்கு ரகம். மெர்கெல் என்பவை அழுத்தத்தையும் விளிம்பையும் சொல்லும். பந்தின் மேல் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளையும் வரிப்பள்ளத்தையும் விரல் கண்டுபிடிப்பது முக்கியமாக இவற்றால்தான். மெய்ஸ்னர் என்பவை தோலில் ஏதாவது நழுவத் தொடங்கினால் உடனே குரல் கொடுப்பவை. ருஃபினி முனைகள் தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று சொல்லும். பாசினி என்பவை அதிர்வுக்கு. செகண்டுக்கு 200 முதல் 300 வரையான அதிர்வை மிக நன்றாகப் பிடிக்கும்.

இவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. இரண்டு ஊசி முனைகளை அருகருகே வைத்தால் விரல் நுனி 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே 'இது ரெண்டு' என்று சொல்லிவிடும். உள்ளங்கைக்குக் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். "உள்ளங்கையால அடிக்காதே, விரலால தள்ளு" என்று கோச்சுகள் கத்துவதற்குக் காரணம் இதுதான். சென்சார் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பந்து பட வேண்டும், அவ்வளவுதான்.

தொடு உணர்வு கொண்டு போகும் நரம்பில் செய்தியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கையின் நீளம் கிட்டத்தட்ட 1 மீட்டர் என்றால் போக 20 மில்லிசெகண்ட், வர 20 மில்லிசெகண்ட். கையில் பிடித்த பொருள் நழுவினால் சுமார் 70 மில்லிசெகண்டில் பிடி தானாக இறுகிவிடும். 'நழுவுது' என்று நாம் நினைப்பதற்கு முன்பே!

பார்க்காமலே கை எங்கே என்று தெரிவது

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்களா? கை எங்கே இருந்தது என்று யார் சொன்னது? தசைக்குள்ளும் மூட்டுக்குள்ளும் இருக்கும் உணர்விகள்தான். தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை அவை சொல்லிக்கொண்டே இருக்கும். சார்லஸ் ஷெரிங்டன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1906-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் அங்க நிலை உணர்வு என்று சொல்லலாம். ஓசூர் சிப்காட் கம்பெனிகளில் சி.என்.சி. மெஷினைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மோட்டார் எத்தனை டிகிரி திரும்பியது என்று சொல்ல அதில் ஒரு என்கோடர் இருக்கும். நம் தசைக்குள் இருப்பதும் ஒருவகை என்கோடர்தான்.

அழுத்தம் பட்டால் திறந்துகொள்ளும் கதவு மாதிரியான புரதம் ஒன்று நரம்பு முனையில் இருக்கிறது. தொடு உணர்வுக்கும் அங்க நிலை உணர்வுக்கும் அது வேண்டும். அதைக் கண்டறிந்த ஆர்டெம் படபூடியனுக்கு, வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுடன் சேர்த்து 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த உணர்வு போனால் என்ன ஆகும்? இங்கிலாந்துக்காரரான இயான் வாட்டர்மன் 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வையும் அங்க நிலை உணர்வையும் இழந்தார். தசையில் பலம் இருந்தது, அசைக்கவும் முடிந்தது. ஆனால் கை எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே நிற்கவும் நடக்கவும் பழகினார். விளக்கு அணைந்தால் நிற்க முடியாமல் விழுந்துவிடுவார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வந்தது. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. பதினாறு வருஷம் கிரானைட் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்தவர். மார்கழிக் குளிரில் அவர் விரல்கள் வெளுத்துப் போய்விடும். சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துத்தான் போடுவார். பாக்கெட்டுக்குள் கை விட்டு ஒரு ரூபாயா ரெண்டு ரூபாயா என்று அவரால் சொல்ல முடியாது. "நீயே எடும்மா" என்பார்.

ஒரு நாள் புதுப் பந்து ஒன்றை அவர் கையில் கொடுத்து, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். "உருண்டையா இருக்குது, கனமா இருக்குது. மேலே ஏதோ சொரசொரன்னு இருக்குங்கறியே, அது எனக்குத் தெரியல" என்றார். நான் பாடமாகப் படித்தது அவர் கையில் அப்படியே இருந்தது. உருண்டை என்று சொன்னது மூட்டும் தசையும். அவை நன்றாகவே இருக்கின்றன. சொரசொரப்பைச் சொல்ல வேண்டிய விரல் நுனி நரம்புகள்தான் போய்விட்டன.

இது புதிய விஷயம் இல்லை. 1918-லேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் காற்றுச் சுத்தியல் பிடித்த தொழிலாளர்களின் வெளுத்த, மரத்த விரல்களை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த செய்தி, கல்லை நம்பிப் பிழைக்கும் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. நாளைக்கு நம்மில் பலர் கிரைண்டர், டிரில் ஓடும் இடங்களில் வேலைக்குப் போவோம். அதிர்வு குறைந்த கருவியைக் கேட்பது, இடையிடையே கைக்கு ஓய்வு கொடுப்பது, கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது, விரல் மரத்தால் உடனே டாக்டரிடம் காட்டுவது என்று நான்கும் ஞாபகம் இருக்கட்டும். விரலின் உணர்வு ஒருமுறை போனால் ஸ்பேர் பார்ட் கிடையாது.

கண்ணுக்கு வேறு வேலை

சரி, கையே பந்தைப் பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு என்ன வேலை? கையை நீட்டிக் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். கண் மிகத் தெளிவாகப் பார்க்கும் பரப்பு அவ்வளவுதான், சுமார் 2 டிகிரி. சுற்றியுள்ளதெல்லாம் மங்கல்தான். ஆனால் மங்கலான அந்த ஓரப் பார்வைக்கு அசைவைப் பிடிக்கும் சக்தி உண்டு. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள மைதானத்தில் ஒன்பது பேர் நம்மைச் சுற்றி ஓடுகிறார்கள். அந்தத் தெளிவான 2 டிகிரியைப் பந்துக்குக் கொடுத்துவிட்டால் ஒன்பது பேரையும் யார் பார்ப்பது?

ஆனால் கூடையில் எறியும்போது கதை வேறு. ஃப்ரீ த்ரோ கோடு பலகையிலிருந்து 4.6 மீட்டர், வளையம் 3.05 மீட்டர் உயரத்தில், அதன் விட்டம் 45 சென்டிமீட்டர். கனடாவைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாக ஃப்ரீ த்ரோ போடுகிறவர்கள் எறியும் அசைவு தொடங்கும் முன் வளையத்தின் மேல் கண்ணை அதிக நேரம் அசையாமல் நிறுத்துவதைக் கண்டார். சரியாகப் போடாதவர்களின் பார்வை சீக்கிரமே அங்கும் இங்கும் போய்விடுகிறது. ஆக, தட்டும்போது கண் பந்தை விட்டுவிட வேண்டும், எறியும்போது வளையத்தை விடக்கூடாது.

காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'டொக்' என்ற சத்தம், பந்து தரையைத் தொட்ட நொடியைச் சொல்கிறது. காற்று குறைந்த பந்தின் 'தொப்' என்ற சத்தம், வேகமாகத் தட்டு என்று எச்சரிக்கிறது. பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் குண்டுமணிகளைப் போட்டுச் சத்தத்தை வைத்தே ஆடுகிறார்கள். அவர்களுக்கான முதல் உலகக் கோப்பை 1998-ல் தில்லியில் நடந்தது. காது கேளாதோர் ஒலிம்பிக்கில் கூடைப்பந்தும் உண்டு, அங்கே காதின் வேலையைக் கண் எடுத்துக்கொள்கிறது. ஒரு சேனல் போனாலும் மூளை மற்றதை வைத்துச் சமாளிக்கப் பழகிக்கொள்ளும். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்வதால்தான் சட்டென்று சுழன்று திரும்பினாலும் பார்வை கலங்காமல் நிற்கிறது.

கண்ட்ரோல் சிஸ்டம் படித்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: ஃபீட்பேக் தாமதமாக வந்தால் சிஸ்டம் ஆட்டம் காணுமே? உண்மைதான். அதனால்தான் மூளை சிக்னல் வரும்வரை காத்திருப்பதில்லை. 'இந்த அளவு தள்ளினால் இந்த நேரத்தில் இங்கே திரும்பி வரும்' என்று முன்கூட்டியே கணிக்கிறது. வந்த சிக்னலை வைத்து அந்தக் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான தடவை தட்டிப் பழகுவது என்பது இந்தக் கணிப்பைத் திருத்தித் திருத்திச் சீராக்குவதுதான்.

பந்து மாறினால் எல்லாம் மாறும்

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டி. 2006–07 பருவத்திற்குத் தோல் பந்தை நிறுத்திவிட்டு செயற்கை இழைப் பந்தைக் கொண்டுவந்தார்கள். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். காய்ந்திருந்தால் ஒட்டுகிறது, வியர்வை பட்டால் வழுக்குகிறது, விரலைக் கிழிக்கிறது என்றார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கிளையில் இயற்பியல் பேராசிரியர்கள் சோதித்தபோது, தோல் போல அது ஈரத்தை உறிஞ்சவில்லை என்று தெரிந்தது. கடைசியில் 2007 ஜனவரி 1 முதல் பழைய தோல் பந்தே திரும்பி வந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களின் விரலே மேல்தோல் மாறியதைப் பொறுக்கவில்லை என்றால், வழவழவென்று தேய்ந்த பந்தில் ஆடும் நம் கதி என்ன?

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. மகளிர் ஆட்டத்திற்கு 6-ஆம் எண் பந்து. சுற்றளவு சுமார் 72, 73 சென்டிமீட்டர், எடை சுமார் 510 முதல் 550 கிராம். பயிற்சியில் 7-ஆம் எண் பந்தைத் தட்டிவிட்டுப் போட்டியில் 6-ஆம் எண் பந்தை எடுத்தால், மூளை போட்டு வைத்த கணிப்பு முழுவதும் பெரிய பந்துக்கானது. போட்டி நாளில் கை தடுமாறினால் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. சென்சார் சரி, காலிபரேஷன்தான் வேறு.

நாமே செய்து பார்க்கலாம்

செலவில்லாத சில பயிற்சிகளைச் சொல்கிறேன்.

1. ஒரு தோழி எதிரே நின்று விரல்களைக் காட்ட வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்லுங்கள். கண் தானாகப் பந்தை விட்டு எழும்.

2. நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு முதலில் 20 தட்டு. பிறகு 50. வலது கைக்கு எவ்வளவோ, இடது கைக்கும் அவ்வளவு.

3. இடுப்பு உயரம், முழங்கால் உயரம், கணுக்கால் உயரம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒவ்வொன்றிலும் சத்தத்தின் தாளம் மாறுவதைக் காதால் கவனியுங்கள்.

4. ஒரு கையால் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே மறு கையால் டென்னிஸ் பந்தை மேலே போட்டுப் பிடியுங்கள்.

5. ஃப்ரீ த்ரோவுக்கு 5 செகண்ட் இருக்கிறது. அவசரம் வேண்டாம். மனதுக்குள் 'ஒன்று' என்று சொல்லும் வரை வளையத்தை மட்டும் பார்த்துவிட்டு எறியுங்கள்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர், ஜனவரியில் காலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் நரம்பில் செய்தி போகும் வேகமும் குறையும். கோடையில் ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். லேசான ஈரம் பிடியைக் கூட்டும், அதிக வியர்வை வழுக்கும். பந்தில் மண் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆடுங்கள்.

நம் மாணவர் பேரவைக்கு இரண்டு வேண்டுகோள். மைதானத்தின் கம்பத்தில் 1.2, 1.4, 1.8 மீட்டர் உயரங்களில் மூன்று பெயிண்ட் கோடுகள் போட்டுக் கொடுங்கள். ஒரு டேப்பும் பத்து நிமிஷமும் போதும், பந்தில் காற்று சரியா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை பந்து வாங்கும்போது 6-ஆம் எண் பந்து ஒன்றும் வாங்குங்கள். மாணவிகள் அணி மண்டலப் போட்டிக்குப் போகும்போது கைக்குப் பழகின பந்தோடு போகட்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் சாயங்காலம் மைதானத்துக்கு வாருங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை